படுவான்கரை நுளம்பும் ஸ்டாக்ஹோம் பரிசும்

மட்டக்களப்பு வாவியைக் கடக்க இப்போது பாலங்கள் உண்டு. 2014இல் மண்முனைத்துறையில் ஜப்பான் உதவியோடு பாலம் திறந்த பிறகு, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள்கூடத் துறையில் காத்துக் கிடப்பதில்லை. தெற்கே குருமண்வெளியில் மட்டும் நான் பாதையில்தான் ஏறினேன். மிதக்கும் இரும்புத் தளம், ஓரத்தில் ஒரு மோட்டார், மேலே ஏழெட்டு மோட்டார் சைக்கிள், இரண்டு நெல் மூட்டை, வெள்ளைச் சீருடையில் பள்ளிப் பிள்ளைகள். எதிர்க்கரையில் மண்டூர். முருகன் கோயிலால் பெயர்பெற்ற ஊர்.

மாசி மாதம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, பெரும்போக வெட்டு நடந்துகொண்டிருந்தது. வயல்களுக்கு நடுவே மழை விட்டுப்போன தண்ணீர் சின்னச் சின்னக் குட்டைகளாகக் கிடந்தது. மாடுகள் மிதித்த குளம்படிகளிலும் தண்ணீர். முப்பது வருடங்களுக்கு முன்னர் இந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வருகிறவரிடம் ஊர்க்காரர் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, “குளிசை போட்டீங்களா?” என்பதுதான். மலேரியாக் குளிசை.

அந்தக் காய்ச்சலைத் தேடித்தான் நானும் வந்தேன். காய்ச்சல் இப்போது இங்கே இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதைப் பார்க்க வந்தேன்.

மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஐந்து தடவை மலேரியாவோடு தொடர்புடையவர்களுக்குப் போயிருக்கிறது. 1902இல் ரொனால்ட் றொஸ், 1907இல் அல்போன்ஸ் லவெரான், 1927இல் வாக்னர்-யாவ்ரெக், 1948இல் போல் முல்லர், 2015இல் து யூயூ. வாக்னர்-யாவ்ரெக்கின் கதை வேறு: மூளையைத் தாக்கிய மேகநோய்க்கு மலேரியாக் காய்ச்சலையே மருந்தாக ஏற்றியவர் அவர். மற்ற நால்வரும் கண்டுபிடித்தவை ஒவ்வொன்றும் இந்த வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தன. லவெரான் 1880இல் அல்ஜீரியாவில் ஒரு சிப்பாயின் இரத்தத்தில் கண்ட ஒட்டுண்ணி, வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் கண்ணாடித் தட்டில் தேடப்பட்டது. முல்லரின் டி.டி.ரி. மண்சுவரில் அடிக்கப்பட்டது. து யூயூ ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டெமிசினினின் வழிவந்த மாத்திரைகள் இங்கே வைத்தியசாலை அலுமாரிக்கு வந்தன. ஸ்டாக்ஹோமில் கைதட்டு ஓய்ந்த பிறகு அந்தக் கண்டுபிடிப்புகள் எங்கே போய் என்ன செய்தன என்று அறிய ஆசைப்படுகிறவர்கள் மட்டக்களப்புக்கு வரலாம்.

மண்டூரிலிருந்து உள்ளே சில மைல் தள்ளி ஒரு வீட்டு முற்றத்தில் என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தவர், மலேரியா தடுப்பு இயக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய உடம்பு, நடுங்காத கை. வந்த காரணத்தைச் சொன்னதும், பேசுவதற்கு முன்னர் செய்து காட்டத் தொடங்கிவிட்டார்.

“இடக்கை மோதிர விரல். ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு, காய விட்டு, பக்கவாட்டில ஒரு குத்து. முதல் சொட்ட வேணாம், துடைச்சிரணும். மறுகா வாறதத்தான் எடுக்கணும், மனே.”

ஒரே கண்ணாடித் தட்டில் இரண்டு பூச்சு. ஒன்று தடித்தது: தட்டின் மூலையால் சொட்டை வட்டமாகக் கலக்கி, சதக் காசளவுக்குப் பரப்ப வேண்டும். மற்றது மெல்லியது: இன்னொரு தட்டின் விளிம்பால் ஒரே இழுப்பில் இழுத்துவிட வேண்டும். தடித்த பூச்சு சரியாக வந்ததா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. தட்டைப் பழைய வீரகேசரிக்கு மேல் வைத்துப் பார்ப்பாராம். இரத்தத்துக்கு ஊடாக எழுத்து மங்கலாக வாசிபட வேண்டும். எழுத்தே தெரியாவிட்டால் பூச்சு தடிப்புக் கூட. பளிச்சென்று தெரிந்தால் போதாது. தடித்த பூச்சில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தெரியும். மெல்லிய பூச்சில் அது எந்த இனம் என்று தெரியும். வைவாக்ஸ் என்றால் ஈரலுக்குள் ஒளிந்திருப்பதையும் கொல்ல வேண்டும். அதற்குப் பிறிமாக்குயின் பதினான்கு நாள். பல்சிபாரம் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

“மூண்டாம் நாள் காய்ச்சல் விட்டுரும். மறுகா ஆர் குளிசை போடுவான்? பதினாலு நாளும் வீடு வீடாப் போய், என்ட கண்ணுக்கு முன்னால போடு எண்டு நிண்டிருக்கன்.”

றொஸ்ஸின் கதையை அவரிடம் சொன்னேன். அவருக்குப் பெயர் தெரியும். ஆள் இந்தியாவில் இருந்தவர் என்பது தெரியாது. றொஸ் அல்மோராவில் பிறந்தவர், சென்னை மாகாணத்தில் இராணுவ வைத்தியராக வேலை பார்த்தவர். மலேரியாவுக்கும் நுளம்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று லண்டனில் பற்றிக் மான்சன் சொல்லிவிட்டதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடம் நுளம்புகளை அறுத்து நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தார். அவ்வளவு நாளும் அவர் பார்த்தது பிழையான நுளம்பு. 1897 ஆகஸ்ட் 20ஆம் திகதி, செக்கந்தராபாத்தில், சிறகில் புள்ளி உள்ள வேறு வகை நுளம்பு ஒன்றின் வயிற்றுச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட உருண்டைகளைக் கண்டார். அந்த நுளம்புகள் குடித்தது ஹுசேன் கான் என்ற நோயாளியின் இரத்தம். தன்னைக் கடிக்க விட்டதற்காக அந்த மனிதருக்கு நுளம்புக்கு ஒரு அணா கணக்கில் கூலி. அடுத்த வருடம் கல்கத்தாவில், பறவைகளை வைத்து, ஒட்டுண்ணி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை முழுதாகக் காட்டினார். அங்கே அவருக்கு நுளம்பு பிடித்துக் கொடுத்து, ஆய்வுக்கூடத்தைக் காத்துக் கிடந்தவர் முகமது பக்ஸ். மனிதருக்கு மலேரியாவைக் கொண்டுவருவது அனோபிலிஸ் என்பதை நிறுவியவர்கள் இத்தாலியில் கிராசியும் அவரது தோழர்களும். 1902இல் பரிசு றொஸ் ஒருவருக்கே போனது. றொஸ்ஸும் கிராசியும் அதன் பிறகும் ஒருவரை ஒருவர் விட்டுவைக்கவில்லை.

பெரியவர் அதில் பிடித்துக்கொண்டது பரிசை அல்ல, கூலியை. “ஒரு நுளம்புக்கு ஒரு அணாவோ?” என்றார். அவரும் கூட வேலை பார்த்தவர்களும் இரவில் காலை முழங்கால்வரை திறந்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நுளம்பு வந்து குந்தும், கடிக்கும் முன்னர் குழாயால் உறிஞ்சிப் போத்தலில் அடைக்க வேண்டும். எந்த நேரத்தில் எந்த நுளம்பு மனிதனைத் தேடி வருகிறது என்று அறிய வேறு நல்ல வழி அப்போது இல்லை. இன்னொன்று மாட்டுப் பொறி: பெரிய வலைக் கூடாரத்துக்குள் ஒரு மாட்டைக் கட்டிவிட்டு, விடியும்போது உள்ளே போய் வலையில் குந்தியிருப்பவற்றைப் பொறுக்குவது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பான அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் மனிதனைவிட மாட்டையே விரும்பும். மாட்டுப் பட்டி நிறைந்த படுவான்கரையில் அது எவ்வளவு பேரைக் காப்பாற்றியது, எவ்வளவு நுளம்பை வளர்த்தது என்று சொல்வது கடினம்.

இலங்கை மலேரியாவின் ஏற்ற இறக்கம் மாதிரி ஒன்றை வேறு நாட்டு வரலாற்றில் நான் வாசித்ததில்லை. 1934இல் மழை பொய்த்து, தென்மேற்கின் ஆறுகள் வற்றிக் குட்டைகளானபோது வந்த கொள்ளைநோயில் சுமார் 80 ஆயிரம் பேர் மாண்டார்கள். 1946இல் நாட்டில் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா. அந்த நேரத்தில் முல்லரின் டி.டி.ரி. நாடெங்கும் வீடுகளுக்குள் அடிக்கப்பட்டது. 1963இல் மொத்தம் 17 பேர். அவர்களிலும் பெரும்பாலானவர்கள் வெளிநாட்டில் தொற்றி வந்தவர்கள். பதினேழு! வென்றாயிற்று என்று தெளிப்பைக் குறைத்தார்கள், தேடலைத் தளர்த்தினார்கள். 1968, 69 காலத்தில் கணக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டியது. நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகிப்போயிருந்தது. 1977இல் அதன் இடத்துக்கு மலத்தியோன் என்ற பூச்சிகொல்லி வந்தது.

பெரியவர் வேலைக்குச் சேர்ந்தது மலத்தியோன் காலத்தில். அந்த மணத்துக்கு எந்த வீட்டுக்காரரும் கதவைத் திறக்க மாட்டார்கள் என்றார். சாமியறைக்குள் விட மாட்டார்கள், நெல் இருக்கும் அறைக்குள் விட மாட்டார்கள். விட்டாலும், பொங்கலுக்கோ கோயில் சடங்குக்கோ சுவரைச் சாணகம் போட்டு மெழுகிவிடுவார்கள். மருந்து உள்ளே, நுளம்பு வெளியே. “அம்மாக்களோட சண்டை பிடிச்சு வேலை நடக்காது. மெழுகுற நாளக் கேட்டுப் போட்டு, அதுக்குப் பிறகு போறது.” வாவியின் இரு கரையிலும் எந்த ஊரில் எந்த மாதம் சுவர் மெழுகுவார்கள் என்பது அவருக்கு இன்றும் மனப்பாடம். பாசல் நகரில் இருந்த முல்லருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. இது தெரியாமல் அடித்திருந்தால் அவரது மருந்தும் இங்கே பாதிதான் வேலை செய்திருக்கும்.

பிறகு யுத்தம். வாவிதான் எல்லை. கிழக்கே எழுவான்கரை அரச கட்டுப்பாட்டில், மேற்கே படுவான்கரை பெரும்பாலும் புலிகளின் கட்டுப்பாட்டில். அந்த வருடங்களில் நாட்டின் மலேரியாவில் பெரும்பங்கு வடக்கிலும் கிழக்கிலும். 1999இல் மட்டும் இலங்கையில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். ஆனாலும் மலேரியா வேலையை இரு தரப்பும் முற்றாக முடக்கவில்லை. போராளியையும் சிப்பாயையும் ஒரே நுளம்புதான் கடித்தது. இரண்டு பக்கத்துக்கும் அது புரிந்திருந்தது. நுளம்பு வலைகள், நடமாடும் சிகிச்சை, அரச ஊழியரோடு சர்வோதயம் போன்ற அமைப்புகள் என்று வேலை தொடர்ந்தது. பெரியவர் இரத்தத் தட்டுகளைத் தாளில் சுற்றி, சோத்துப் பெட்டியில் அடுக்கி, தோணியிலும் பாதையிலும் கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறார். சோதனைச் சாவடியில் தட்டுகளை எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பார்களாம். “இரத்தம் எண்டா ஆருக்கும் ஒரு பயம் இருக்குத்தானே. பார்த்துட்டுத் தந்துருவாங்க.” அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் பேசவில்லை. அந்தக் காலத்தில் பாதையில் அவரோடு வந்தவர்களில் பலர் இன்று இல்லை. என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உள்ளே வந்தபோது, மட்டக்களப்பில் இனி மலேரியா கொள்ளை கொள்ளும் என்று பயந்தவர்கள் பலர். அது நடக்கவில்லை. நோய் குறைந்துகொண்டே போனது. 2012 ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி. 2016 செப்டம்பர் 5ஆம் திகதி, இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நிறுத்திப் பார்த்து வாங்கிய அடி 1960களில் விழுந்தது என்பதால், இம்முறை யாரும் நிறுத்தவில்லை. நோய் அடங்கிய வருடங்களில்கூட ஆண்டுக்குப் பத்து லட்சம் அளவில் இரத்தப் பரிசோதனை. இல்லாத ஒன்றைத் தேடி ஒவ்வொரு தட்டிலும் நூறு புலம் பார்ப்பதற்கு வேண்டிய பொறுமையை நினைத்துப் பாருங்கள். றொஸ் இரண்டு வருடம் பார்த்தார், கண்டார். இவர்கள் எதையும் காணாமல் இருப்பதற்காகப் பார்க்கிறார்கள். என் கணக்கில் இதுவும் கண்டுபிடிப்புக்குச் சமமான வேலை.

மறுநாள் எழுவான்கரைக்குத் திரும்பி, கல்லடிப் பாலத்தைக் கடந்து, நாவலடிப் பக்கம் போனேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல். சுனாமி துடைத்துக்கொண்டு போன நிலம் இது. கைவிட்ட கிணறுகள் இன்னும் உண்டு. வடக்கே முகத்துவாரத்தில், பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குக் கிட்ட, வாவி கடலோடு சேருகிறது. வாய் திறந்திருக்கும் காலத்தில் உவர் உள்ளே ஏறும். மழைக்காலத்தில் ஆற்று நீர் அதைத் தள்ளும். 56 கிலோமீற்றர் நீளமான வாவியில் நீரின் உப்பு எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

அங்கே ஓர் இளம் பெண், விலங்கியல் மாணவி, நீண்ட பிடி வைத்த வெள்ளை அகப்பையால் ஓர் உடைந்த ஃபைபர் படகுக்குள் கிடந்த தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தார். “சேர், கிட்ட வாங்க, நிழல் விழாமப் பாருங்க.” நிழல் பட்டால் குடம்பிகள் அடிக்குப் போய்விடும். பார்த்தேன். தலைகீழாக, வால்நுனிக் குழாயை நீர்மட்டத்தில் ஒட்டவைத்துத் தொங்கிக்கொண்டிருந்தன: ஈடிஸ், டெங்குவைக் கொண்டுவரும் இனம். அனோபிலிஸ் என்றால் தொங்காது, நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரை உப்புமானியின் கண்ணாடிமேல் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னிடம் தந்தார். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு ஏழைத் தாண்டி நின்றது. ஆயிரத்துக்கு ஏழு பங்கு உப்பு. கடல் நீரில் முப்பத்தைந்து அளவில் இருக்கும்.

பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொன்னது, ஈடிஸ் நன்னீரில் மட்டும் முட்டையிடும் என்று. டெங்கு ஒழிப்பு வேலை எல்லாம் அதை நம்பித்தான்: பூச்சாடி, ரயர், தண்ணீர்த் தாங்கி. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கரையோரக் கிணறுகளிலும் எறிந்து கிடந்த பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்களிலும் தேடிய ரஞ்சன் இராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரன், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வினோபாபா ஆகியோரும் அவர்களோடு உழைத்தவர்களும், ஆயிரத்துக்குப் பதினைந்து பங்குவரை உப்புள்ள நீரில் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை 2011இல் வெளியிட்டார்கள். அதற்கு முந்திய வருடமே, மலேரியா நுளம்பான கியூலிசிபேசிஸும் இந்த மாவட்டத்தில் உவர் கலந்த நீரில் வளர்வதை அதே குழு காட்டியிருந்தது. கரையோரத்தில் வேறொரு இனமென்று நெடுநாள் கணக்கில் எழுதப்பட்ட நுளம்புகள், மரபணுவைப் பார்த்தபோது, தென்கிழக்காசியாவில் மலேரியா பரப்பும் சுண்டைக்கஸ் கூட்டத்தைச் சேர்ந்தவை என்றும் தெரிந்தது. கடல்மட்டம் உயர உயர உவர்நீர்க் குட்டைகள் கூடும். அவற்றோடு இந்த நுளம்புகளும் கூடலாம் என்பது அவர்களுடைய எச்சரிக்கை. 2017இல் இலங்கையில் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவானதை நினைத்தால் அது சின்ன எச்சரிக்கை அல்ல.

இந்த ஆய்வுக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து தொலைபேசி வராது. ஆனால் றொஸ் செய்ததும் அடிப்படையில் இதுதான். எல்லோரும் பார்த்துவிட்டோம் என்று நினைத்த இடத்தில் குனிந்து பார்த்தார், புத்தகத்தில் இல்லாததைக் கண்டார். யுத்தமும் கடலும் மாறி மாறிக் குலைத்துப்போட்ட ஒரு கரையில், சின்னப் பல்கலைக்கழகங்களின் சின்ன ஆய்வுக்கூடங்களிலிருந்து, உலகம் முழுக்கக் கரையோர நகரங்களுக்குப் பயன்படும் ஒன்று வந்திருக்கிறது. எனக்கு அதில் பெருமை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மட்டக்களப்புப் பள்ளிப் பிள்ளைகள் றொஸ்ஸின் பெயரோடு இந்தப் பெயர்களையும் படிக்க வேண்டும்.

“உவர்த் தண்ணிக்குள்ள குடம்பி இருக்கு எண்டு சொன்னா ஊர்ச்சனம் நம்புதில்ல, சேர்,” என்றார் அந்த மாணவி. நம்ப வைக்க ஒரு போத்தலில் போட்டு வீடு வீடாகக் கொண்டு போய்க் காட்டுகிறாராம். படகுக்காரர் ஒருவர் வந்து, படகைத் திருப்பிக் கவிழ்த்துவிடச் சம்மதித்தார். நாலு பேர் பிடித்தோம். தண்ணீர் மணலில் ஊறிப்போனது.

மலேரியா அற்ற நாடு என்றால் மலேரியா நுளம்பு அற்ற நாடு அல்ல. கியூலிசிபேசிஸ் இருக்கிறது. அதற்கு மேல், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி 2016 முடிவில் மன்னாரில் பிடிபட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் வளர்கிற இனம் அது. 2018 டிசம்பரில் மொனராகலையில், வேலைக்கு வந்திருந்த இந்தியர் ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்கு மலேரியா தொற்றியது. உடனே கண்டுபிடித்து, சுற்றியிருந்தவர்கள் எல்லோரின் இரத்தத்தையும் சோதித்து, அந்த ஒருவரோடு நிறுத்தினார்கள். இரத்தம் எடுக்கும் கைகள் இன்னும் வேலையில் இருந்ததால் நின்றது. இப்போதைய இளம் வைத்தியர்களில் பலர் ஒரு மலேரியா நோயாளியையும் நேரில் கண்டதில்லை. காய்ச்சல் என்றால் அவர்கள் மனதில் முதலில் வருவது டெங்கு.

பெரியவரிடம் விடைபெற அன்று மாலை தொலைபேசி எடுத்தேன். அங்கே இங்கே சுற்றி, நான் போன மாதம் எங்கே இருந்தேன் என்று கேட்டார். சென்னையில் என்றேன்.

“எவ்வளவு நாள்?”

“இரண்டு கிழமை.”

“நுளம்பு கடிச்சதா?”

“கடிக்காமல் இருக்குமா, ஐயா.”

குரல் மாறிவிட்டது. உத்தியோகக் குரல். “காய்ச்சல், நடுக்கம் ஒண்டுமில்லையே? இல்லாட்டியும் பரவாயில்ல, காலையில டவுனுக்குள்ளதானே நிக்கிறீங்க, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தக் குடுங்க. காசில்ல. இந்த ஒரு வருசத்துக்குள்ள எப்ப காய்ச்சல் வந்தாலும், சென்னைக்குப் போனனான் எண்டு டொக்டர் கேக்காட்டியும் நீங்க சொல்லணும். வைவாக்ஸ் எண்டா மாசக் கணக்கில ஒளிச்சிருக்கும், மனே.”

காலையில் போனேன். இடக்கை மோதிர விரல்தான். முதல் சொட்டைத் துடைத்துவிட்டார்கள்.